பழைய காரில் ஏசி குளிரவில்லையா? கேஸ் அடிக்கும் முன் பார்க்க வேண்டியவை

சித்திரை பிறந்ததும் ஏசி மெக்கானிக் கடைகளில் வண்டிகள் வரிசை கட்டும். "கூலிங் பத்தலை" என்று நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் உள்ளேயிருந்து பதில் வந்துவிடும்: "கேஸ் கம்மியா இருக்கும் சார், அடிச்சிடலாம்." சில நேரம் அது சரி. பல நேரம் கோளாறு வேறெங்கோ இருக்கும். காசு கொடுத்துக் கேஸ் அடித்த பிறகும் சிக்னலில் வியர்த்துக்கொண்டுதான் நிற்பீர்கள்.

சான்ட்ரோ, ஸென், வேகன்-ஆர், இண்டிகா, மாருதி 800 போன்ற வண்டிகளை மனத்தில் வைத்து இந்த அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது. பெல்ட்டில் ஓடும் கம்ப்ரஸர், கையால் திருகும் ஏசி நாப், பத்துப் பதினைந்து வருட ஓட்டம் உள்ள எந்தக் காருக்கும் இதே வரிசை பொருந்தும்.

தெரிந்திருக்க வேண்டியது இவ்வளவுதான்

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. காருக்குள் இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போய் வெளியே கொட்டுகிறது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் சூட்டை வாங்கும். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டன்சர் அதை வெளியே விடும். இரண்டுக்கும் நடுவில் கேஸைச் சுற்றவிடுவது கம்ப்ரஸர்.

அந்தக் கேஸ் பெட்ரோலைப் போல ஓட ஓடத் தீரும் பொருள் அல்ல. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரஸர் சீல் வழியாகவும் பல வருடங்களில் கொஞ்சம் போவது இயல்பு. போன கோடையில் அடித்தது இந்தக் கோடைக்குள் குறைந்துவிட்டால் எங்கோ கசிகிறது என்று பொருள்.

ஆகவே தேடும் வரிசை இது: உள்ளே வரும் காற்று, ஹீட்டர், முன்பக்கக் கண்டன்சர், பெல்ட்டும் கிளட்சும், கடைசியாகக் கேஸ். முதல் நான்கையும் வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம்.

கை வைக்கும் முன்: பாதுகாப்பு

1. வண்டியைத் திறந்தவெளியில், நிழலில் நிறுத்துங்கள். ஷட்டர் போட்ட ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட வேண்டாம். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தலைசுற்றும்போது காலம் கடந்திருக்கும்.
2. கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுங்கள். டயருக்கு ஒரு கல்லும் வையுங்கள்.
3. லுங்கி, துப்பட்டா, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, தளர்ந்த சட்டைக் கை எதுவும் பானெட்டுக்குள் போகக்கூடாது. ரேடியேட்டர் ஃபேன் முன்னறிவிப்பில்லாமல் சுற்றத் தொடங்கும். சில வண்டிகளில் சாவியைக் கழற்றிய பிறகும் சுற்றும். ஃபேன் பக்கம் கை போகும் வேலை என்றால் ஃபேன் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள்.
4. மோதிரம், வளையல், உலோகக் கடிகாரப் பட்டை ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள். பேட்டரி முனையில் பட்டால் சதையோடு வெந்துவிடும்.
5. ஏசி குழாயின் எந்த இணைப்பையும் தளர்த்தாதீர்கள். கேஸ் ஏற்றும் வால்வின் நடு ஊசியை "இருக்கிறதா பார்ப்போம்" என்று அழுத்தாதீர்கள். ஆர்-134ஏ கேஸின் கொதிநிலை மைனஸ் 26 டிகிரி. திரவமாகப் பீறிட்டால் தோல் உறைந்து கருகும். கண்ணில் பட்டால் பார்வை போகும். பட்டுவிட்டால் தேய்க்காமல், வெதுவெதுப்பான நீரில் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.
6. பீடி, சிகரெட், தீக்குச்சி வேண்டாம். கேஸ் நெருப்பில் பட்டால் நச்சுப் புகை வரும். அதோடு, உங்களுக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் எந்தக் கடையில் எதை அடித்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. செலவு மிச்சம் என்று எரியும் எல்பிஜி வகைக் கேஸை அடித்துவிடும் கடைகளும் உண்டு.

தேவையான சாமான்கள் அதிகமில்லை. ஊசி வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று (சில நூறு ரூபாய்தான், இதை மட்டும் தவிர்க்காதீர்கள்), நல்ல டார்ச், சாதாரண மல்டிமீட்டர், 10, 12 நம்பர் ஸ்பேனர்கள், தோட்டத்துத் தண்ணீர்க் குழாய், பெயின்ட் பிரஷ், கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி.

முதல் வேலை: அளந்து எழுதுங்கள்

"முன்ன மாதிரி இல்லை" என்பதை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. எண் வேண்டும்.

1. கார் வெயிலில் நின்றிருந்தால் கதவுகளை எல்லாம் திறந்து இரண்டு மூன்று நிமிடம் சூட்டை வெளியே விடுங்கள்.
2. கண்ணாடிகளை ஏற்றுங்கள். காற்று நெம்புகோலை உள்காற்று நிலைக்குத் தள்ளுங்கள். காருக்குள் வளைந்து திரும்பும் அம்புக்குறி போட்டிருக்கும்.
3. வெப்ப நாப் முழு நீலத்தில் இருக்கட்டும். ப்ளோயர் நடு வேகத்தில்.
4. தெர்மாமீட்டர் ஊசியை நடு வென்ட்டில் இரண்டு அங்குலம் உள்ளே நுழையுங்கள். பிளாஸ்டிக்கைத் தொடக்கூடாது.
5. இன்ஜினை 1500 ஆர்பிஎம் அளவில் பத்து நிமிடம் வைத்திருங்கள். வெளி வெப்பத்தையும் வென்ட் வெப்பத்தையும் குறியுங்கள்.
6. ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு, ஐடிலில் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி குறியுங்கள்.

வெளியே 35 டிகிரி இருக்கும்போது வென்ட்டில் 8 முதல் 12 டிகிரி வந்தால் உங்கள் ஏசி நன்றாகவே இருக்கிறது. கண்ணாடிக்குச் சூரியத் தடுப்பு வாங்குங்கள், மெக்கானிக்கிடம் போகாதீர்கள். 15-ஐத் தாண்டினால் ஏதோ இருக்கிறது. 20-க்கு மேல் என்றால் பெரிதாகவே இருக்கிறது.

ஒரு சலுகை: சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இரண்டு மூன்று டிகிரி கூட வரும். காற்றில் இருக்கும் ஈரத்தை முதலில் தண்ணீராக்கி இறக்கிவிட்டுத்தான் ஏசி காற்றைக் குளிர்விக்க முடியும். வேலூரிலோ திருச்சியிலோ 40 டிகிரி வறண்ட வெயிலில் ஓடும் அதே கார், சென்னையின் 34 டிகிரிப் புழுக்கத்தில் திணறுவதற்குக் காரணம் இதுதான். வண்டிக்கடியில் தண்ணீர் சொட்டுவது நல்ல அறிகுறி.

எப்போது குளிரவில்லை?

மெக்கானிக்குகள் கேட்க மறக்கும் கேள்வி இது. பாதிக் கோளாறு இந்தப் பதிலிலேயே பிடிபட்டுவிடும்.

- ஓடும்போது குளிர்கிறது, சிக்னலில் நின்றால் சூடாகிறது: கண்டன்சர் அல்லது அதன் ஃபேன்.
- நின்றாலும் ஓடினாலும் சுமார்தான். ஆனால் வரும் காற்றே குறைவு: ப்ளோயர், ஃபில்டர், அடைத்த கூலிங் காயில்.
- அரை மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்றின் வேகமே குறைந்துபோகிறது: கூலிங் காயிலில் ஐஸ் பிடிக்கிறது.
- அரை மணி நேரம் குளிர்ந்து, பிறகு அதே வேகத்தில் வெறும் காற்று வருகிறது: கம்ப்ரஸர் கிளட்ச் விட்டுவிடுகிறது.
- காற்று பலமாக வருகிறது, இன்ஜின் சூடேறச் சூடேற வென்ட்டும் சூடேறுகிறது: ஹீட்டர் கலக்கிறது.
- ஒரு பக்க வென்ட் ஜில்லென்றும் மறுபக்கம் மந்தமாகவும் இருக்கிறது: கேஸ் குறைவாக இருக்கலாம்.
- மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது: கசிவு.

உள்ளே வரும் காற்று

ப்ளோயர் நாப்பை ஒவ்வொரு வேகமாகத் திருப்புங்கள். கடைசி வேகம் மட்டும் வேலை செய்து மற்றவை செத்திருந்தால் ப்ளோயர் ரெசிஸ்டர் எரிந்திருக்கிறது. ப்ளோயர் பக்கத்தில் இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும் சிறு பொருள்தான். கழற்றி மாட்டுவது பெரிய வித்தை அல்ல.

அடுத்து உள்காற்று மடல். இது நிறையப் பேரை ஏமாற்றுவது. நெம்புகோலைத் தள்ளுகிறீர்கள், அதுவும் நகர்கிறது. ஆனால் அதன் கேபிள் கொக்கியிலிருந்து கழன்றிருந்தால் உள்ளே மடல் அசைந்திருக்காது. வெளியே கொதிக்கும் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். ப்ளோயரை முழு வேகத்தில் வைத்து நெம்புகோலை இப்படியும் அப்படியும் தள்ளிப் பாருங்கள். உள்காற்றுக்கு வரும்போது ப்ளோயர் சத்தம் தெளிவாகக் கூடவேண்டும். சத்தம் மாறவே இல்லையென்றால் க்ளவ் பாக்ஸைக் கழற்றி, டார்ச் அடித்து, கேபிள் முனையைப் பாருங்கள்.

உங்கள் வண்டியில் கேபின் ஃபில்டர் இருந்தால் பெரும்பாலும் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். தட்டித் தட்டித் திரும்பப் போடாதீர்கள். கறுத்திருந்தால் புதிது வாங்குங்கள்.

பழைய சின்னக் கார்கள் பலவற்றில் ஃபில்டரே கிடையாது. அங்கே தூசியைப் பிடிப்பது கூலிங் காயில்தான். ப்ளோயரைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்தால் காயிலின் முகத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி போர்த்தியிருப்பது தெரியும்: தலைமுடி, பஞ்சு, வேப்பம்பூ, மண். எல்லாம் ஈரத்தில் ஊறி ஒட்டியிருக்கும். ஏசி போட்டதும் வரும் புளித்த நாற்றமும் இங்கிருந்துதான். கைக்கு எட்டினால் பிளாஸ்டிக் இடுக்கியாலும் மெல்லிய பிரஷ்ஷாலும் மேலாக உரித்தெடுங்கள். கத்தியோ கம்பியோ வேண்டாம். காயில் அலுமினியம், ஓட்டை விழுந்தால் வேலை முடிந்தது. எட்டவில்லை என்றால் நுரை வரும் காயில் க்ளீனர் ஸ்ப்ரேயை அடித்து, கால் மணி நேரம் விட்டு, வடிகுழாய் வழியாக அழுக்கு இறங்குகிறதா பாருங்கள். கம்பளி தடிமனாக இருந்தால் ஸ்ப்ரேயால் ஆகாது. டேஷ்போர்டைத் திறந்து காயிலை வெளியே எடுத்துக் கழுவ வேண்டும். அது கடை வேலை, அதற்குக் கேஸையும் இறக்கவேண்டும். எப்படியும் கேஸ் வேலை பாக்கி இருக்கிறதென்றால் இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

குறிப்பு: முன் இருக்கைக் கால்வைப்பில் கார்ப்பெட் நனைந்திருந்தால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. வண்டிக்கடியில், இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுச்சுவரான ஃபயர்வாலிலிருந்து வெளியே எட்டிப்பார்க்கும் சின்ன ரப்பர் குழாய் அது. நுனியைக் கையால் பிதுக்கினாலே பெரும்பாலும் மண் உருண்டை விழும், பின்னாலேயே தண்ணீர் கொட்டும். முகத்தை நேர் கீழே வைக்காதீர்கள்.

ஹீட்டர் உள்ளே கலக்கிறதா?

தமிழ்நாட்டில் ஹீட்டரை யார் போடுகிறார்கள் என்று கேட்கலாம். போடாததுதான் பிரச்சினை. வருடக்கணக்கில் அசையாத ஹீட்டர் வால்வு பாதி திறந்த நிலையில் இறுகிப்போயிருக்கும். கொதிக்கும் ரேடியேட்டர் தண்ணீர் ஹீட்டர் காயிலுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். ஏசி குளிர்வித்த காற்றை அடுத்த நொடியே அது சூடாக்கும்.

1. இன்ஜின் நன்றாகச் சூடேறட்டும். வெப்ப நாப் முழு நீலத்தில்.
2. இன்ஜினிலிருந்து ஃபயர்வாலுக்குள் போகும் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களைத் துணி சுற்றிய விரலால் தொட்டுப் பாருங்கள். வால்வு உள்ள வண்டியில், வால்வைத் தாண்டிய பக்கம் சூடு குறைவாக இருக்கவேண்டும். இரண்டுமே கொதித்தால் வால்வு மூடவில்லை.
3. வால்வே இல்லாத வண்டிகளில் இரண்டும் சூடாக இருப்பது இயல்பு. அங்கே உள்ளே ஒரு மடல்தான் காற்றைத் திருப்பிவிடும். அதன் ஸ்பாஞ்ச் உதிர்ந்திருந்தால் வென்ட் வழியாகக் கறுப்புத் துகள்கள் பறந்து வரும்.
4. உறுதிப்படுத்த, இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, ஹோஸ் நசுக்கும் கிளாம்பால் ஒரு ஹீட்டர் ஹோஸை மட்டும் மூடுங்கள். மறுபடி அளந்து பாருங்கள். வென்ட் வெப்பம் நான்கைந்து டிகிரி இறங்கினால் குற்றவாளி கிடைத்துவிட்டது.

விரலால் அழுத்தும்போதே வெடிப்புத் தெரியும் பழைய ஹோஸில் கிளாம்ப் போடாதீர்கள். பிளந்தால் நடுரோட்டில் இன்ஜின் சூடாகி நிற்பீர்கள்.

கேபிள் நழுவியிருந்தால் மாட்டி இழுத்துக் கட்டினால் போதும். வால்வு இறுகியிருந்தால் மாற்றுங்கள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போகாதவர்கள் ஹீட்டரையே துண்டித்து இரண்டு ஹோஸையும் இணைத்துவிடுவது உண்டு. அது வேலை செய்யும். ஆனால் மழை நாளில் கண்ணாடி மங்கும்போது சூட்டுக் காற்று கிடைக்காது. ஏசியை மட்டுமே நம்பவேண்டும்.

கண்டன்சர்: இங்கே நேரம் செலவிடுங்கள்

பழைய காரில் ஏசி மந்தமாக இருப்பதற்கு நான் முதலில் சந்தேகப்படும் இடம் இதுதான். ஒரு சோதனை ஐந்தே நிமிடத்தில் சொல்லிவிடும்.

தண்ணீர்ச் சோதனை. வண்டி ஐடிலில், ஏசி ஓடிக்கொண்டிருக்க, வென்ட்டில் தெர்மாமீட்டர் இருக்கட்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து அளவைப் பார்க்க, நீங்கள் முன் கிரில் வழியாகக் கண்டன்சர் மேல் மெல்லிய தூறலாகத் தண்ணீர் தெளியுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் வென்ட் வெப்பம் மளமளவென இறங்கினால் கம்ப்ரஸரும் கேஸும் பெரும்பாலும் நலம். கண்டன்சர் சூட்டை வெளியே விட முடியாமல் தவிக்கிறது. போன முறை யாரோ கேஸை அளவுக்கு மேல் ஏற்றியிருந்தாலும் இதே மாதிரி தெரியும் என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்து ஃபேன். ஏசி சுவிட்சைப் போட்டதும் அல்லது சில நிமிடங்களில் அது சுற்றவேண்டும். சுற்றவில்லையா? ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பாருங்கள். சுற்றுகிறது என்றாலும் விடாதீர்கள். கிரில் முன்னால் ஒரு செய்தித்தாள் துண்டைப் பிடியுங்கள். தாள் உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். துவண்டு விழுந்தால் மோட்டார் பலவீனம். வெளியே தள்ளப்பட்டால், மோட்டார் மாற்றியவர் ஒயரைத் தலைகீழாக இணைத்திருக்கிறார். ஃபேன் முழு வேகத்தில்தான் சுற்றும், பார்ப்பவருக்குச் சந்தேகமே வராது. ஆனால் நின்ற இடத்தில் காற்றை முன்னோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும்.

பிறகு சுத்தம். மேலிருந்து டார்ச் அடித்துக் கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே உள்ள சந்தைப் பாருங்கள். முன்முகம் பளிச்சென்று இருந்தாலும் அந்தச் சந்தில் அழுக்கு மெத்தை போட்டிருக்கும். டெல்டா பக்கம் ஓடும் வண்டியில் வைக்கோல் தூசியும் பதரும், அரியலூர்ப் பக்கம் ஓடும் வண்டியில் சிமென்ட் மாவும் இறுகியிருக்கும்.

1. இன்ஜின் முழுக்க ஆறட்டும். ஃபேன் ஃபியூஸைக் கழற்றுங்கள்.
2. ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, பழைய பெட்ரோல் வண்டியானால் டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவற்றை பிளாஸ்டிக் பையால் மூடுங்கள்.
3. முடிந்தால் பின்னாலிருந்து முன்னாலும், முடியாவிட்டால் முன்னாலிருந்து நேராகவும் தண்ணீர் விடுங்கள். சாய்வாகப் பீய்ச்சினால் ஃபின்கள் மடியும்.
4. கார் ஷாம்பூ கலந்த தண்ணீரைத் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். ஆசிட், காஸ்டிக் சோடா எதுவும் வேண்டாம், அலுமினியத்தை அரித்துவிடும்.
5. பெயின்ட் பிரஷ்ஷை ஃபின் நிற்கும் திசையிலேயே இழுங்கள். குறுக்கே தேய்க்காதீர்கள்.
6. வடியும் தண்ணீர் தெளியும்வரை கழுவுங்கள். மடிந்த ஃபின்களைத் தட்டையான பிளாஸ்டிக் துண்டால் நிமிர்த்துங்கள்.

சர்வீஸ் ஸ்டேஷன் பையனிடம் பிரஷர் வாஷ் துப்பாக்கியைக் கொடுத்து "முன்னாடி நல்லா அடிப்பா" என்று சொல்வதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறு. அடித்து முடித்ததும் பாதி ஃபின் படுத்திருக்கும். காற்றுக்கு வழி முன்பைவிடக் குறைந்திருக்கும்.

கடற்கரைச் சாலையோரம் வருடக்கணக்கில் நின்ற வண்டியென்றால் முதலில் ஒரு மூலையில் விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஃபின் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் உப்புக் காற்று வேலையை முடித்துவிட்டது. கழுவிப் பயனில்லை; புதுக் கண்டன்சர்தான்.

முன்பக்கம் இடிபட்டுச் சரிசெய்த வண்டியில் இன்னொன்று: கண்டன்சரின் ஓரங்களில் காற்று தப்பாமல் இருக்கக் கம்பெனி வைத்த ஸ்பாஞ்ச் பட்டைகளையும் பிளாஸ்டிக் தடுப்புகளையும் டிங்கரிங் கடையில் திரும்ப மாட்டாமல் விட்டிருப்பார்கள். ஃபேன் அப்போது கண்டன்சர் வழியாக இழுக்காமல், ஓரத்து இடைவெளி வழியாக இன்ஜினின் சூட்டுக் காற்றையே திரும்ப இழுக்கும். தடித்த ஸ்பாஞ்ச் பட்டை வாங்கி அடைத்தால் போதும்.

பெல்ட்டும் கிளட்சும்

இன்ஜின் அணைந்திருக்கும்போது கம்ப்ரஸர் பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். சுமார் 10 மி.மீ. உள்வாங்கலாம். அதற்கு மேல் என்றால் தளர்வு. உட்பக்கம் கண்ணாடி போல் பளபளத்தாலோ குறுக்கே வெடித்திருந்தாலோ மாற்றுங்கள். ஏசி போட்டதும் "கீச்" என்று கத்தினால் பெல்ட் வழுக்குகிறது.

கிளட்சுக்குக் காதும் கண்ணும் போதும். ஏசி சுவிட்சைப் போட்டால் "டக்" என்று ஒரு சத்தம். கம்ப்ரஸரின் முன்தட்டு புல்லியோடு சேர்ந்து சுற்றவேண்டும். தள்ளி நின்று பாருங்கள்.

- சத்தமே இல்லை: ஃபியூஸைப் பாருங்கள். ஏசி ரிலேயும் ஹார்ன் ரிலேயும் ஒரே நம்பராக இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். கிளட்ச் ஒயரில் 12 வோல்ட் வருகிறதா என்று மல்டிமீட்டரால் அளக்கலாம். வோல்ட் வந்தும் ஒட்டவில்லை என்றால் கிளட்ச் காயில் போயிருக்கிறது, அல்லது தட்டுக்கும் புல்லிக்கும் இடைவெளி கூடியிருக்கிறது.
- சில நொடிக்கு ஒருமுறை ஒட்டி ஒட்டி விடுகிறது: கேஸ் குறைவு.
- குளிர்ந்த நிலையில் ஒட்டுகிறது, அரை மணி ஓடிச் சூடேறியதும் விடுகிறது: தட்டுக்கும் புல்லிக்கும் இடைவெளி தேய்மானத்தால் கூடியிருக்கிறது. பல கம்ப்ரஸர்களில் அது 0.3 முதல் 0.6 மி.மீ. வரை இருக்கவேண்டும். பல வகைகளில் உள்ளே இருக்கும் மெல்லிய வாஷர் ஒன்றை எடுத்தாலே சரியாகும். இதற்காக முழுக் கம்ப்ரஸரை மாற்றச் சொன்னால் வேறு கடையைப் பாருங்கள்.

ஒயரில் வோல்ட்டே வராதபோது பிரஷர் சுவிட்சைக் கழற்றி, இரண்டு முனையையும் ஒரு ஒயர்த் துண்டால் இணைத்து ஓட்டிவிடும் வழக்கம் இருக்கிறது. செய்யாதீர்கள், செய்ய விடாதீர்கள். கேஸ் இல்லாதபோது கம்ப்ரஸரை நிறுத்தவே அந்த சுவிட்ச். கம்ப்ரஸருக்கு வேண்டிய ஆயில் கேஸோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. கேஸ் இல்லாமல் ஓடினால் ஆயில் இல்லாமல் ஓடும். உலோகத் துகள் குழாயெங்கும் பரவும். பிறகு கம்ப்ரஸரோடு கண்டன்சர், ஈரத்தை உறிஞ்சும் டிரையர், கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வு எல்லாம் போகும்.

ஐஸ் பிடிக்கும் வண்டியைத் தனியாகப் பார்க்கவேண்டும். காற்று குறைந்ததும் ஏசியை மட்டும் அணைத்து ப்ளோயரை ஓடவிடுங்கள். பத்து நிமிடத்தில் காற்று திரும்பி, வண்டிக்கடியில் தண்ணீர் கொட்டினால் சந்தேகமில்லை. கூலிங் காயிலில் செருகியிருக்கும் தெர்மோஸ்டாட் அல்லது சென்சார் கம்ப்ரஸரை நேரத்துக்கு நிறுத்தவில்லை. அடைத்த காயிலிலும் இது வரும் என்பதால் காற்றுவழியைச் சுத்தம் செய்துவிட்டே சென்சாரைக் குறைசொல்லுங்கள்.

இப்போது கேஸ்

இதுவரை எல்லாம் சரியாக இருந்து எண் மட்டும் இறங்கவில்லை என்றால் கேஸைச் சந்தேகிக்கலாம். தொட்டுப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். 1500 ஆர்பிஎம்மில் ஐந்து நிமிடம் ஓடிய பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு, ஃபயர்வால் அருகே இருக்கும் தடித்த அலுமினியக் குழாயைத் தொடுங்கள். ஜில்லென்று வியர்த்திருக்க வேண்டும். பக்கத்து மெல்லிய குழாய் வெதுவெதுப்பாக இருக்கவேண்டும். இரண்டுமே வெளிக்காற்றின் சூட்டில் இருந்தால் கேஸ் இல்லை, அல்லது கம்ப்ரஸர் அழுத்தவில்லை. டிரையருக்குள் போகும் குழாய் சூடாகவும் வெளிவரும் குழாய் குளிர்ந்தும் இருந்தால் டிரையர் அடைத்திருக்கிறது. கம்ப்ரஸரிலிருந்து கண்டன்சருக்குப் போகும் குழாயை மட்டும் தொடாதீர்கள், கை வெந்துவிடும்.

கசிவைக் கண்ணாலேயே தேடலாம். கேஸ் போகும் இடத்தில் ஆயிலும் போகும்; அந்த எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிக் கறுப்பு வட்டமாகத் தெரியும். குழாய் இணைப்புகள், கண்டன்சரின் கீழ் விளிம்பு, கேஸ் ஏற்றும் வால்வுகள், கம்ப்ரஸரின் முன்தட்டுச் சுற்று ஆகிய இடங்களைப் பாருங்கள். சந்தேகமான இடத்தில் சோப்பு நுரையைப் பூசி, குமிழ் வருகிறதா என்று பொறுமையாக நில்லுங்கள்.

கேஸ் ஏற்றுவதை மட்டும் வீட்டில் செய்யவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு காரணம் பாதுகாப்பு: டின்னைத் தவறி உயரழுத்தப் பக்கம் இணைத்தால் அது வெடிக்கலாம். இன்னொன்று அளவு. இன்ஜின் நிற்கும்போது மீட்டரில் தெரியும் அழுத்தம் கேஸ் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருக்கும்வரை, 35 டிகிரியில் பாதிக் கேஸும் முழுக் கேஸும் ஒரே 110-115 பிஎஸ்ஐயைத்தான் காட்டும். சின்னக் கார்கள் பலவற்றுக்கு மொத்தமே அரைக் கிலோவைச் சுற்றித்தான். அதில் 100 கிராம் கூடினாலும் குளிர்ச்சி குறையும். சரியான ஒரே வழி, முழுதும் இறக்கி, எடைபோட்டு ஏற்றுவது.

கடையில் இந்த வரிசையைக் கேட்டு வாங்குங்கள்:

1. பழைய கேஸை மெஷினில் இறக்கவேண்டும். காற்றில் விடக்கூடாது. ஒரு கிலோ ஆர்-134ஏ, ஒரு டன்னுக்கு மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும்.
2. நைட்ரஜன் ஏற்றிக் கசிவைக் கண்டுபிடித்து முதலில் அடைக்கவேண்டும். "கசிவடைக்கும் மருந்து" என்று டப்பாவில் வருவதை ஊற்றவிடாதீர்கள். எக்ஸ்பான்ஷன் வால்வை அடைக்கும், மெஷினையும் கெடுக்கும்.
3. குழாயைத் திறந்தால் டிரையரையும் அந்த இணைப்பின் ஓ-ரிங்கையும் மாற்றவேண்டும்.
4. குறைந்தது அரை மணி நேரம் வேக்குவம் போட்டு, பம்பை நிறுத்திக் கால் மணி நேரம் முள் நகராமல் நிற்கிறதா பார்க்கவேண்டும். பத்து நிமிடத்தில் முடிக்கும் கடையில் ஈரம் உள்ளேயே தங்கும். அது எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து நிற்கும்.
5. பானெட்டின் உட்புறத்திலோ ரேடியேட்டர் பக்கத்திலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள கிராம் அளவுதான் ஏறவேண்டும். பில்லில் அந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள்.

1990-களின் முற்பகுதி வரை வந்த கார்களில் ஆர்-12 இருந்திருக்கலாம். ஓசோனைக் கெடுப்பதால் 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கையின் வழியே விலக்கப்பட்ட கேஸ் அது. ஆயில், வால்வு முனை எல்லாம் வேறு. மாற்றாமல் ஆர்-134ஏவை அப்படியே அடிக்கச் சம்மதிக்காதீர்கள்.

மெக்கானிக் மீட்டர் மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். 35 டிகிரி வெயிலில், 1500 ஆர்பிஎம்மில், நீல முள் (தாழழுத்தப் பக்கம்) 30-45 பிஎஸ்ஐ, சிவப்பு முள் (உயரழுத்தப் பக்கம்) 200-250 பிஎஸ்ஐ அருகே நின்றால் நலம். இரண்டும் தாழ்ந்தால் கேஸ் குறைவு. இரண்டும் உயர்ந்தால் கேஸ் அதிகம், அல்லது கண்டன்சர் அழுக்கு. நீலம் உயர்ந்து சிவப்பு தாழ்ந்து இரண்டும் நெருங்கி வந்தால் கம்ப்ரஸர் தேய்ந்துவிட்டது. நீலம் பூஜ்யத்தை நோக்கிப் போனால் எக்ஸ்பான்ஷன் வால்வு அல்லது டிரையர் அடைப்பு.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது இரண்டு கேஸ் வால்வுகளின் மூடியும் திருகப்பட்டிருக்கிறதா என்று பானெட்டைத் திறந்து பாருங்கள். கடையில் அடிக்கடி தொலைவது அந்தச் சின்ன மூடிதான். ஊசி வழியாகக் கேஸ் மெல்லக் கசிவதும், மண் புகுவதும் அதனால்தான். வீட்டுக்கு வந்து அதே தெர்மாமீட்டரால் அதே முறையில் அளந்து, தேதி போட்டு எழுதிவையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தேவையே இல்லாவிட்டாலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏசியை ஓடவிடுங்கள். ஆயில் சுற்றினால்தான் கம்ப்ரஸர் சீல் காயாமல் இருக்கும்.